பிள்ளைகள் செய்யும் புத்தகம்

பள்ளியில் பிள்ளைகள் எழுதுவதைப் படிப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான், ஆசிரியர். அவரும் திருத்துவதற்காகவே படிக்கிறார். கட்டுரை நோட்டு சிவப்பு மையோடு திரும்பி வருகிறது. ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. இணையவழி நூலாக்கக் கருவிகள் வகுப்பறைக்குள் வரும்போது முதலில் மாறுவது இந்த நிலை. மாணவர் எழுதியது பக்கம் பக்கமாகப் பிரிந்து, படமும் அட்டையும் பெற்று, இன்னொரு பிள்ளை எடுத்துப் படிக்கும் புத்தகமாகிறது. எழுத்துக்கு வாசகர் கிடைக்கிறார். மற்ற பயன்கள் எல்லாம் இதிலிருந்தே தொடங்குகின்றன.

நூலாக்கக் கருவி என்பது கணினி உலாவியிலோ கைப்பேசிச் செயலியிலோ திறந்து, வெற்றுப் பக்கங்களில் எழுத்து, ஓவியம், ஒளிப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றை வைத்து, முடிவில் மின்னூலாகவோ அச்சிடத்தக்க கோப்பாகவோ எடுத்துக்கொள்ள உதவும் மென்பொருள். பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பாளர், ஓவியர், அச்சுக்கோப்பவர் எனப் பலர் பிரித்துச் செய்த வேலைகளை அது ஒரே திரையில் கொண்டுவந்து வைக்கிறது. பதிப்பாசிரியரின் வேலையை மட்டும் எந்தக் கருவியும் செய்வதில்லை. அந்த வேலை வகுப்பாசிரியரிடமே இருக்கிறது. இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த வேலையைப் பற்றியதே.

மாணவர் எழுத்தைப் புத்தகமாக்கும் எண்ணம் கணினிக்கு மிகவும் முந்தியது. ரஷ்யாவில் லியோ டால்ஸ்டாய் தம் யாஸ்னயா பொல்யானா பண்ணையில் 1859-இல் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஒரு பழமொழியை வைத்துக் கதை எழுதச் சொன்னபோது பிள்ளைகள் தயங்கினர். அவரே எழுதத் தொடங்கினார். மெல்லச் சுற்றிவந்து நின்ற சிறுவர்களில் இருவர் அவர் எழுதியதைத் திருத்தவும், அவருக்குத் தோன்றாத நுணுக்கங்களைச் சொல்லவும் ஆரம்பித்தனர். உழவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1862-இல் அவர் எழுதிய கட்டுரையின் வேர் அந்த அனுபவம்.

அச்சு இயந்திரத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் பிரான்சு நாட்டு ஆசிரியர் செலஸ்டின் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்டவர். நெடுநேரம் நின்று உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1924-இல் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வைத்தார். பிள்ளைகள் ஊரில் கண்டதை எழுதினர். எதை அச்சிடுவது என்று வகுப்பே தேர்ந்தெடுத்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தது பிள்ளைகளின் கைகள். அச்சான தாள்கள் தொகுக்கப்பட்டு வகுப்பின் புத்தகமாயின. 1926 முதல் பிரிட்டனி கடற்கரையில் உள்ள திரெகங்க் என்னும் ஊரின் பள்ளியோடு தாள்களை மாற்றிக்கொண்டனர். மலையோரத்துப் பிள்ளைகள் எழுதியதை மீனவர் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். ஊரைத் தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்றபோது, எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்று எழுதும் பிள்ளையே யோசிக்க வேண்டியிருந்தது.

ஈய எழுத்துகளைக் கோத்த முறையில் இன்றைய கருவிகளில் இல்லாத ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கையில் எடுத்து வைக்கப்பட்டதால், வீண் சொல் சேர்ப்பது உடலுக்கே சுமையாயிற்று. வேலை மெதுவாக நடந்தது. மெதுவாக நடந்ததால் திருத்தமும் நடந்தது. திரையில் பத்து நிமிடத்தில் பளபளப்பான புத்தகம் வந்துவிடுகிறது. மிச்சமான நேரத்தை எழுத்தைத் திருத்துவதற்குத் திருப்பிவிடாத வகுப்பில், கருவியால் கிடைப்பது அட்டைப்படத்தின் அழகு மட்டுமே.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உள்ளூர் மரபு உண்டு. கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத பழைய பள்ளிகளும் படிப்பகங்களும் குறைவு. அழகாக எழுதும் ஒருவர் முழு இதழையும் படியெடுப்பார், ஓவியம் தெரிந்தவர் அட்டை வரைவார், அந்த ஒரே பிரதி கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றும். பின்னர் ஸ்டென்சிலும் சைக்ளோஸ்டைல் இயந்திரமும் வந்தன. அமெரிக்காவில், எழுதக் கற்பிப்பது பற்றி டொனால்டு கிரேவ்ஸ் 1983-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, வரைவு, திருத்தம், வெளியீடு என்ற படிகளில் எழுத்துப் பயிற்சி தரும் முறை பரவியது. வெளியீடு என்பது அங்கும் தைத்து ஒட்டிய அட்டையுள்ள சிறு புத்தகம்தான்.

இன்று பயன்பாட்டில் உள்ள கருவிகள் பல. அவற்றில் மூன்றைப் பார்த்தால், வகுப்பறைக்கு எது எப்போது பொருந்தும் என்பது தெளிவாகும்.

புக் கிரியேட்டர் இங்கிலாந்தில் 2011-இல் ஐபேட் செயலியாகத் தொடங்கி, பின்னர் உலாவியிலும் இயங்கும்படி வளர்ந்தது. நெடுக்கு, சதுரம், கிடை என்ற பக்க வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தவுடன் வெற்றுப் பக்கம் திறக்கிறது. எழுதலாம், விரலால் வரையலாம், படம் பிடித்துச் சேர்க்கலாம், குரலைப் பதியலாம். ஆசிரியர் ஒரு நூலகத்தை உருவாக்கிக் குறியீட்டு எண் தர, மாணவர்கள் அதற்குள் தத்தம் புத்தகத்தைச் செய்கிறார்கள். இலவசக் கணக்கில் புத்தகங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பிள்ளையின் சொந்தக் கோடும் சொந்தக் குரலும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்றால் இந்த வகைக் கருவியே ஏற்றது.

ஸ்டோரிவீவர் வேறு வகை. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்னும் லாப நோக்கற்ற பதிப்பகம் 2015 செப்டம்பரில் தொடங்கிய தளம் இது. தொழில்முறை ஓவியர்கள் வரைந்த படங்கள் வங்கியாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு படத்தைத் தேர்ந்து அதன் கீழ் கதை எழுதலாம். ஏற்கெனவே உள்ள கதையைத் தமிழுக்கோ தமிழிலிருந்தோ மொழிபெயர்க்கலாம். கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பை எழுத்துப் பயிற்சியாகக் கொடுக்க விரும்பும் நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. கதையை யோசிக்கும் பாரம் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தமிழில் இயல்பாக ஒலிக்கிறதா என்ற ஒரே கேள்வியில் பிள்ளையின் கவனம் முழுவதும் நிற்கும்.

மூன்றாவது, எஸ்ஐஎல் நிறுவனம் உருவாக்கிய ப்ளூம். எழுத்துப் பதிப்பு அதிகம் இல்லாத மொழிகளுக்காக எழுந்த மென்பொருள் என்பதால், இணையம் இல்லாமலும் கணினியில் இயங்கும். அதில் ஓர் அரிய வசதி உண்டு. இதுவரை கற்பித்த எழுத்துகள் இவை என்று ஆசிரியர் குறித்துவைத்தால், அவற்றுக்கு அப்பாற்பட்ட எழுத்து வரும் சொல்லை மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ப, ட, ம ஆகிய மூன்றும் புள்ளியும் தெரிந்த பிள்ளைக்குப் படம், பட்டம், மடம், மட்டம் என்ற சொற்களாலேயே எட்டுப் பக்கப் புத்தகம் செய்துவிட முடியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வகுப்புக்காக இப்படி ஒரு புத்தகம் எழுதிப் பார்த்தால், தெரிந்த சில எழுத்துகளுக்குள் ஒரு கதையை அடக்குவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அவர்களுக்கே புரியும். தென்னாப்பிரிக்காவின் சைடே நிறுவனம் நடத்தும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் திட்டமும் 2014 முதல் இதே தேவையை ஆப்பிரிக்க மொழிகளில் எதிர்கொண்டு வருகிறது. கதைகளை எழுதுவதிலும் மொழிபெயர்ப்பதிலும் உள்ளூர் ஆசிரியர்களுக்கு அங்கே பெரும் பங்கு உண்டு.

கருவி எதுவானாலும், கட்டுரை நோட்டிலிருந்து புத்தகத்தை வேறுபடுத்துவது பக்கம். கட்டுரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. புத்தகத்தில் பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன் வாசகருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், திரும்பியபின் என்ன காத்திருக்க வேண்டும் என்று எழுதுபவர் முடிவு செய்கிறார். இதைக் கற்பிக்க விடுகதைப் புத்தகமே சிறந்த தொடக்கம். வலப்பக்கத்தில் விடுகதை, பக்கத்தைத் திருப்பினால் விடை. இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் வந்துவிட்டால் விடுகதை செத்துவிடுகிறது. ஒரு முறை இந்தத் தவறைக் கண்ட பிள்ளை, பக்க எண்ணை அதன் பிறகு வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை. கதையிலும் இதே கணக்குதான். கதவு தட்டப்படும் ஓசை வலப்பக்கத்தின் கடைசி வரியில் இருந்தால், வந்தது யார் என்பது அடுத்த பக்கத்தின் செய்தி.

எழுத்தும் படமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் பக்கத்தில்தான் நடக்கிறது. சிவப்புச் சட்டை போட்ட பையன் மரத்தடியில் நின்றான் என்று எழுதி, அதையே படமாகவும் வரையும் பிள்ளைகள் அதிகம். படம் சொன்னதை எழுத்து மறுபடி சொல்லத் தேவையில்லை. எழுத்து அவன் ஏன் நிற்கிறான் என்பதைச் சொல்லலாம், அல்லது அவன் சொல்லும் பொய்யைச் சொல்லலாம். நல்ல படக்கதைப் புத்தகங்களில் படத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் வாசகர் சிரிக்கிறார், பயப்படுகிறார். ஆகவே நூலாக்கம் தொடங்கும் முன், அச்சான சிறுவர் நூல்கள் நான்கைந்தை வகுப்பில் பிரித்துப் பார்ப்பது அவசியம். முதல் வாக்கியம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, எத்தனை பக்கத்தில் எழுத்தே இல்லை, பின்னட்டை என்ன சொல்கிறது என்று செய்பவரின் கண்ணால் பார்க்க வேண்டும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் பள்ளிகளிலேயே இருப்பதால் இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த படி காகிதம். நான்கு ஏ4 தாள்களைக் குறுக்காக மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் 16 பக்கம். அட்டை நான்கு பக்கம் போக உள்ளே 12. இந்த வெற்றுப் புத்தகத்தில் பென்சிலால் பக்கத்துக்கு ஒரு வரியும் ஒரு குச்சிப்படமும் போடும்போதே கதையின் கோளாறு தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளின் கதை நான்காம் பக்கத்தில் தொடங்கி, எட்டாம் பக்கத்தில் மூச்சுவாங்கி, பன்னிரண்டாம் பக்கத்தில் அவசரமாக முடியும். காகிதத்தில் அதைக் கண்டுபிடித்தால் அழித்து எழுதலாம். திரையில் படமும் வண்ணமும் சேர்ந்தபின் கண்டால் யாருக்கும் மாற்ற மனம் வருவதில்லை.

பின்பு வரைவு எழுதி, பக்கத்து நண்பரிடம் வாசித்துக் காட்டுதல். கேட்பவர் நல்லா இருக்கு என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அதைத் தாண்ட அவரிடம் இரண்டு கேள்விகளை மட்டும் கொடுத்தால் போதும்: எந்த இடம் புரியவில்லை, எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை வந்தது? இந்த இரண்டுக்கும் வரும் பதில்களே உண்மையான திருத்தப் பட்டியல். இந்தக் கட்டம் முடியும் வரை கணினியைத் திறக்காமல் இருப்பது நல்லது. எழுத்துருவையும் ஒட்டுப்படங்களையும் தேடுவதிலேயே பாடவேளை முழுவதும் போய்விடுவது, நூலாக்க வகுப்புகளை வீணாக்கும் காரணங்களில் முதன்மையானது.

இந்த ஒழுங்குக்கு ஒரு விலக்கு உண்டு. எழுதவே மறுக்கும் பிள்ளை, எதைப் பற்றி என்று தவிக்கும் பிள்ளை, படத்திலிருந்து தொடங்கலாம். ஸ்டோரிவீவர் படவங்கியில் தனக்குப் பிடித்த ஐந்து படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தச் சொன்னால், வரிசையிலேயே கதை வந்துவிடும். யானை, குடை, ஆறு என்று மூன்று படம் அடுத்தடுத்து இருந்தால் அவற்றை இணைக்கும் காரணத்தைச் சொல்லாமல் எந்தப் பிள்ளையாலும் இருக்க முடியாது. சொன்னதை எழுத வேண்டியதுதான் பாக்கி.

தமிழில் தட்டெழுதுவது தனியாகப் பேச வேண்டிய பொருள். ஆங்கில எழுத்தில் ammaa என்று அடித்து அம்மா என்று பெறும் முறை பெரியவர்களுக்கு எளிது. தமிழ் எழுத்துகளை இப்போதுதான் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது தேவையற்ற சுற்றுவழி. 1999-ஆம் ஆண்டின் தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்தின் அமைப்பை ஒட்டியே இயங்குகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க-வை அடித்து ஆ-வை அடித்தால் கா. ஒரே மெய்யை இரு முறை அடித்தால் முதலதன் மேல் புள்ளி தானே விழும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கரும்பலகையில் படித்த பிள்ளை, விசைப்பலகையில் அதையே விரலால் செய்கிறது. இரண்டு வாரம் நாள்தோறும் சில நிமிடம் பழகினால் வேகம் பிடிபடும். சொல்வதைக் கேட்டு எழுதும் குரல்வழி உள்ளீடு எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெரிய துணை. ஆனால் நிறுத்தக்குறிகளையும் ஒற்றுகளையும் பின்னால் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

எழுத்துருவிலும் எச்சரிக்கை வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டெழுதிய பாடத்தை இணையக் கருவியில் ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடிலும் கொம்பு ஒரு சிக்கல். கெ என்னும் எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், கணினி அதை மெய்க்குப் பின்னாலேயே சேமிக்கிறது. தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாத கருவியில் கொம்பு விலகி, கொ, கோ, கௌ எல்லாம் சிதறிப்போகும். திரையில் சரியாகத் தெரிந்த பக்கம் பிடிஎஃப் கோப்பாக மாறும்போது குலைவதும் உண்டு. ஆகவே எந்தக் கருவியையும் வகுப்பில் அறிமுகப்படுத்துவதற்கு முன், கொய்யா, தேங்காய், பூனை, ஔவை, ஸ்ரீ என்ற சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி, கோப்பாக இறக்கி, அச்செடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடச் சோதனை அது. நாற்பது பிள்ளைகளின் உழைப்பு அதில் காப்பாற்றப்படும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பெட்டிக்குள் இருபுறமும் சீராக்கிய வரிகள் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். இடப்பக்கம் மட்டும் சீராக்குவதே நல்லது. தொடக்க வகுப்பு வாசகருக்கு வரியை இடம் பார்த்து முறிக்காமல் பொருள் பார்த்து முறிக்க வேண்டும். “பாட்டி சொன்ன / கதை எனக்குப் / பிடிக்கும்” என்று முறிவதைவிட “பாட்டி சொன்ன கதை / எனக்குப் பிடிக்கும்” என்று முறிந்தால் சிறு பிள்ளை தடுமாறாமல் வாசிக்கும்.

பிழைதிருத்தத்தில் ஆசிரியரின் பக்குவம் வெளிப்படுகிறது. ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் ஒற்றுப்பிழைகளும் புத்தகம் வெளியாகும் முன் நீங்க வேண்டும். ஏனெனில் அதைப் படிக்கப்போகும் சிறு பிள்ளை அச்சில் உள்ளதைச் சரி என்று நம்பும். நாவி, வாணி போன்ற இணையத் தமிழ்த் திருத்திகள் இதற்கு உதவும். அவை காட்டுவதை ஏற்பதா விடுவதா என்று மாணவரே தீர்மானிக்கப் பழக வேண்டும். ஆனால் பிழைதிருத்தம் கடைசிப் படி. முதல் வரைவிலேயே சிவப்பு மை விழுந்தால், பிள்ளை தனக்கு உறுதியாக எழுதத் தெரிந்த சொற்களுக்குள் சுருங்கிவிடும். மழலை மொழியில் சொல்ல வந்த பெரிய செய்தி போய், பிழையற்ற சின்ன வாக்கியம் மட்டும் மிஞ்சும்.

பேச்சுத்தமிழைத் திருத்துவது வேறு கேள்வி. கதைமாந்தர் பேசும் இடத்தில் வந்துச்சு, போனாங்க, என்னடா என்று பிள்ளை எழுதினால் அதை வந்தது, போனார்கள் என்று மாற்றுவது கதையின் உயிரை எடுப்பதாகும். நெல்லைப் பிள்ளை எழுதும் ஆச்சியும் கொங்குப் பிள்ளை எழுதும் அப்புச்சியும் பாட்டி, தாத்தா என்று பொதுவாக்கப்படக் கூடாது. கதை சொல்லும் குரல் எழுத்துத்தமிழில் இருக்க வேண்டுமா, பேச்சில் இருக்கலாமா என்பதை எழுதியவரிடமே கேட்டு, எதைத் தேர்ந்தாலும் கடைசிப் பக்கம் வரை அதில் நிற்கச் சொல்வதே முறை. இரு வழக்கையும் தெரிந்தே கையாள்வது உயர்ந்த மொழித்திறன். அதைப் பயில, இலக்கணத் தேர்வைவிடத் தான் எழுதும் புத்தகமே நல்ல இடம்.

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் வீட்டுமொழி தமிழ் அல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மதுரையில் சௌராஷ்டிரம், நீலகிரியில் படுகு, எல்லை மாவட்டங்களில் தெலுங்கும் கன்னடமும், மலையடிவாரங்களில் இருளர் மொழி. வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது பல பள்ளிகளில் படிக்கிறார்கள். நூலாக்கக் கருவியின் ஒலிப்பதிவு வசதி இவர்களுக்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. பக்கத்தில் எழுத்து தமிழில் இருக்க, அழுத்தினால் ஒலிக்கும் குரல் வீட்டுமொழியில் கதை சொல்லலாம். அந்தக் குரல் அம்மாவுடையதாகவும் பாட்டியுடையதாகவும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் பள்ளிப் புத்தகம் ஒன்றில் பங்கெடுக்க இதைவிட நேரான வழி இல்லை.

புத்தகம் என்றால் கதை என்று எண்ணிவிடுவதும் ஒரு குறைபாடு. பள்ளி வளாகத்து மரங்களின் புத்தகம், ஊர்க் குளத்தின் வரலாறு, அவரை விதை முளைத்த நாள்களின் பதிவு, சந்தையில் கேட்ட விலைகளை வைத்துச் செய்த கணக்குப் புத்தகம், வீட்டுச் சமையல் முறைகள் ஆகிய யாவும் நூலாகத் தக்கவை. தகவல் நூல் செய்யும் பிள்ளை பொருளடக்கம், படக்குறிப்பு, அருஞ்சொற்பட்டியல் ஆகியவை எதற்காக இருக்கின்றன என்பதைத் தன் தேவையிலிருந்து அறிகிறது. விதை முளைப்பதை நாள்தோறும் ஒரே இடத்திலிருந்து ஒரே தொலைவில் படமெடுத்தால்தான் பக்கங்களை ஒப்பிட முடியும் என்று கண்டுகொள்வது அறிவியல் முறையின் முதல் பாடம்.

கருவிகள் குறைவாக உள்ள பள்ளியில் என்ன செய்வது? ஆசிரியரின் ஒரு கைப்பேசியும் நாற்பது பிள்ளைகளும் மட்டும் இருந்தால், ஆளுக்கு ஒரு பக்கம் என்று வகுப்புப் புத்தகம் செய்யலாம். பிள்ளைகள் தாளில் எழுதி வரைகிறார்கள். ஆசிரியர் அவற்றைப் படமெடுத்து வரிசையாகச் சேர்க்கிறார். படமெடுப்பது அறைக்குள் குழல்விளக்கின் கீழ் வேண்டாம்; தாளில் நிழல் விழும். வராந்தாவின் சீரான வெளிச்சத்தில், நேர் மேலிருந்து எடுத்தால் வண்ணம் உண்மையாக வரும். கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளில் நால்வர் குழு பொருந்தும். ஆனால் எழுதுபவர், வரைபவர், தட்டெழுதுபவர், மெய்ப்பு பார்ப்பவர் என்று நிரந்தரமாகப் பிரித்துவிட்டால், நன்றாக எழுதும் பிள்ளையே எப்போதும் எழுதும். புத்தகத்துக்குப் புத்தகம் பொறுப்பு மாற வேண்டும்.

சொல்லைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவு வசதி இப்போது பல தளங்களில் சேர்ந்துள்ளது. தொடக்க, நடுநிலை வகுப்புகளில் அதைத் தள்ளி வைப்பதே சரி. பிள்ளை வரைந்த மாட்டுக்குக் கால் ஐந்து இருந்தாலும், அந்த மாடு அது பார்த்த மாடு. தன் வீட்டுத் திண்ணையை வரையும்போது எத்தனை தூண், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நினைவைத் துழாவுகிறது. அந்தத் துழாவல் எழுத்திலும் வந்து சேர்கிறது. இயந்திரம் தரும் படத்தில் எந்த ஊரிலும் இல்லாத ஒரு வீடு பளபளக்கும்.

இணையத்தில் தேடிக் கிடைத்த படங்களை எடுத்து ஒட்டுவது வகுப்பறைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. தேடுபொறி காட்டுவதால் ஒரு படம் பொதுச்சொத்து ஆகிவிடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமம் உள்ள படங்களை எடுத்து, வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் கடைசிப் பக்கத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். பிறர் உழைப்புக்குப் பெயர் கொடுக்கப் பழகும் பிள்ளைக்குத் தன் உரிமையும் புரியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாகப் படைத்தவரே. வயது அதற்குத் தடையில்லை. மாணவர் எழுதிய கதையை ஆண்டு மலரிலோ பொதுத் தளத்திலோ வெளியிடும் முன் அந்தப் பிள்ளையின், பெற்றோரின் சம்மதம் கேட்பது மரியாதை மட்டுமன்று, கடமையும்கூட. ஸ்டோரிவீவரில் வெளியாகும் கதை திறந்த உரிமத்தில் வருவதால் எவரும் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான், பெற்றோருக்கு முன்பே விளக்கியிருக்க வேண்டும்.

தனியுரிமை காப்பதிலும் தளர்வு கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தையாகக் கருதி, அவர்தம் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வேண்டுகிறது. ஆகவே பிள்ளைகளின் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குவதைத் தவிர்த்து, ஆசிரியர் கணக்கின் கீழ் வேலை செய்வது பாதுகாப்பானது. அட்டையில் பெயரும் வகுப்பும் போதும். முகம் தெரியும் ஒளிப்படம், வீட்டு முகவரி, தினமும் வரும் வழி ஆகியவை பொதுவில் வைக்கும் புத்தகத்தில் இடம்பெறக் கூடாது. குடும்பச் சண்டையையோ துயரத்தையோ எழுதிய பிள்ளையின் பக்கத்தை வெளியிடும் முன் ஆசிரியர் தனியே உட்கார்ந்து பேச வேண்டும். எழுத உரிமை உண்டு. எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மதிப்பிடும்போது அட்டையின் அழகுக்கு மதிப்பெண் போடுவது எளிது, பயனற்றது. முதல் வரைவையும் கடைசி வடிவத்தையும் அருகருகே வைத்து, நண்பர் கேட்ட கேள்விகளுக்குப் புத்தகம் எங்கே பதில் சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதே பொருளுள்ள மதிப்பீடு. அதற்காகவே காகித வரைவுகளை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

திரையில் இருக்கும் புத்தகத்தை அச்சிலும் கொண்டுவருவது சிரமமில்லாத வேலை. எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு இரண்டு ஏ4 தாள் போதும். முதல் தாளின் ஒரு புறம் 8, 1. மறுபுறம் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. மறுபுறம் 4, 5. இப்படி இருபுறமும் அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்தால் பக்கங்கள் வரிசையாக நிற்கும். ப்ளூம் இந்த அடுக்கைத் தானே செய்துவிடும்; மற்றக் கருவிகளின் பிடிஎஃப் கோப்பை அச்சிடும்போது கையேடு வடிவம் என்ற தேர்வைச் சொடுக்கினால் ஜெராக்ஸ் கடையிலும் செய்து தருவார்கள். பக்கங்களின் எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதைக் காகித வரைவின்போதே தீர்மானித்திருந்தால் கடைசியில் வெற்றுப் பக்கம் மிஞ்சாது. முதல் பிரதியை எழுதிய பிள்ளையே கீழ் வகுப்புக்கு எடுத்துச் சென்று வாசித்துக் காட்ட வேண்டும். கேட்கும் பிள்ளைகள் எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த இடத்தில் கண் விரிகிறது என்பதைப் பார்த்த பிறகு, இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டு வராத பிள்ளை இருக்காது.

இணையத் தளங்கள் நிரந்தரமானவை அல்ல. கட்டணம் மாறும், இலவச வசதி நிற்கும், தளமே மூடப்படும். ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்த அன்றே ஒலியும் படமும் தாங்கும் ஈபப் கோப்பாகவும், எங்கும் திறக்கும் பிடிஎஃப் கோப்பாகவும் இறக்கி, பள்ளிக் கணினியில் ஒன்றும் பென்டிரைவில் ஒன்றுமாக வைக்க வேண்டும். கோப்புக்கு ஆண்டு, வகுப்பு, தலைப்பு என்ற முறையில் பெயரிட்டால் பத்தாண்டு கழித்தும் தேடி எடுக்கலாம். அச்சுப் பிரதியைப் பள்ளி நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் மற்ற நூல்களுக்குக் கொடுப்பதுபோலவே எண் கொடுத்துப் பதிந்து, கதைநூல்களோடு அதே அலமாரியில் அடுக்கி, இரவலுக்கும் கொடுக்க வேண்டும்.